பூட்டா, சாவியா?

"ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?"

லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. தெரியாத எண். தெரியாத எண்ணில் முதலில் பேசக் கூடாது, 'ஆமா' என்று சொல்லவே கூடாது. கொஞ்சம் குரல் கிடைத்தால் போதும், மோசடிக்காரர்கள் கம்ப்யூட்டரை அதே குரலில் பேசவைத்துச் சொந்தக்காரர்களை மொட்டையடித்துவிடுவார்கள். மனைவி அலுவலகத்தில் கேட்டுவந்து, வீட்டுக்கென ஒரு ரகசிய வார்த்தையும் வைத்துச் சட்டம் போட்டு ஒரு வாரம் ஆகிறது.

"ஏங்க, நான்தாங்க! ஆபீஸ் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். என் ஃபோன்ல சார்ஜ் போயிடுச்சு, கூட இருக்கறவங்க ஃபோன்ல பேசறேன். சீக்கிரம் வாங்க!"

அச்சு அசல் மனைவியின் குரல். அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. தன் குரல் சிக்காமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ரகசிய வார்த்தை?"

"யாருங்க அது? என் வீட்டுக்காரர்கிட்ட குடுங்க!"

"வார்த்தையைச் சொல்லும்மா!"

"அட கடவுளே... சாவி!"

"சாவியா? நாங்க பூட்டுன்னு வெச்சிருக்கோம், நீ சாவியோட வர்றியா, திருடி!"

துண்டித்தார். பத்து விநாடியில் அதே எண்.

"பூட்டு! பூட்டு! போதுமா?"

"அதை இப்ப நான்தானே சொன்னேன்!"

மறுபடி துண்டித்த பிறகுதான் உறைத்தது. கோபத்தில் மூக்கை விட்டுவிட்டுக் கத்தியிருக்கிறார். அவர் குரல் திருடர்கள் கைக்குப் போயே போயிற்று.

மனைவியின் எண்ணுக்கு அவரே அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினார். மீண்டும் மணி. அவருடைய கம்பெனி மேனேஜர்.

"ஏன்யா, உன் பொண்டாட்டி ஆபீஸ்ல லிஃப்ட் நின்னு அரைமணி நேரமாச்சாம். அங்க என்ன பண்றே?"

இதுவும் போலியாக இருந்தால்?

"சார், போன வருஷம் எனக்கு எவ்வளவு சம்பளம் ஏத்துனீங்க?"

"உனக்கு எங்கய்யா ஏத்தினேன்?"

சந்தேகமே இல்லை. அசல் மேனேஜர்தான்.

அப்படியானால் அதுவும் அசல் மனைவிதான். அருகே மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்த மைத்துனனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தார். மனைவியின் ஒரே தம்பி, ஐந்து வருடமாகக் கூட வேலை பார்ப்பவன். போனதும் அவன் மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஏறிச் சக்கரத்தைக் கையால் சுற்ற, லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கி மூன்றாவது மாடியில் நின்றது. மெக்கானிக் கதவைப் பிளந்தார்.

"நாப்பது நிமிஷம்! கட்டின பொண்டாட்டியைத் திருடிங்கறீங்க?"

"நீ போட்ட சட்டந்தானேம்மா..."

"சட்டமாவது மண்ணாவது! நகருங்க, பேங்கை மூடிருவாங்க."

"பேங்குக்கா? எதுக்கு?"

"என் தம்பி வண்டியில யாரையோ இடிச்சுட்டானாம். உடனே பணம் போடலைன்னா உள்ள தள்ளிருவாங்களாம். 'அக்கா, காப்பாத்துக்கா'ன்னு அழுதான். பேசிப் பேசியே என் சார்ஜ் தீர்ந்துபோச்சு."

"அது அவன்தான்னு..."

"பொறந்ததுலேருந்து கேக்கற குரலுங்க! எனக்குத் தெரியாதா?"

லிஃப்ட் கூண்டுக்கு மேலே, மோட்டார் அறையிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"அக்கா, நான் காலையிலேருந்து மாமாகூடத்தானே இருக்கேன்?"