கேட் பாஸும் இரண்டு நிபுணர்களும்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கன்டெய்னர் யார்டில், கணினி கேட் பாஸ் கொடுத்தால்தான் லாரி உள்ளே நுழையும். கணினி அதை மிகுந்த நிதானத்தோடு கொடுத்தது. பாஸ் கேட்ட டிரைவர் முடி வெட்டி, குளித்து, சாப்பிட்டுவிட்டு வந்தாலும் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டேட்டாபேஸைக் கவனிக்க அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். அதற்கு மெமரியைக் கூட்ட வேண்டும் என்றான் டிக்சன். குறைக்க வேண்டும் என்றான் பெர்சி. இணையத்தில் ஆளுக்கொரு நிபுணரை வைத்திருந்தார்கள்.

"எங்க ஆளு புத்தகமே எழுதியிருக்காருலே" என்றான் டிக்சன்.

"எங்க ஆளு கையைக் கட்டிக்கிட்டு போட்டோ போட்டிருக்காரு. வெவரம் இல்லாதவன் அப்படி நிப்பானாலே?" என்றான் பெர்சி.

அன்று கேட்டில் தங்கதுரை அண்ணாச்சியின் ஏற்றுமதி நண்டு நின்றது. சாயங்காலக் கப்பலில் அது ஏறாவிட்டால் டிக்சனின் வேலை போகும் என்று மேலாளர் மந்திரமூர்த்தி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"சார், ரெண்டு மாதிரியும் வச்சுப் பாத்துருவோம். எது வேகம்னு தெரிஞ்சுரும்" என்றான் டிக்சன்.

மந்திரமூர்த்தி பதறினார். "வச்சுப் பாக்கவா? நிபுணர் மேல சந்தேகப்பட்ட மாதிரி ஆயிராதா? சொன்னது சரியான்னு பாக்கது நம்ம அதிகாரத்துல இல்ல வே. சொன்னவரு யாருன்னுதான் பாக்கணும்."

எனவே நிபுணர் நம்பகத்தன்மை ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. தக்க ஆதாரம் தந்து உதவுமாறு இரு நிபுணர்களுக்கும் பணிவன்புடன் மின்னஞ்சல் போனது.

தங்கதுரை போனில் கத்தினார். "தம்பி, இந்த நண்ட ரோட்டுல இறக்கி விட்டிருந்தா இந்நேரம் அதுவே நடந்து போயி கப்பல்ல ஏறியிருக்கும்!"

பதில்கள் வந்தன. மெமரியைக் கூட்டி வெற்றி கண்ட இடம் தூத்துக்குடியில் ஒரு யார்டு என்று எழுதியிருந்தார் டிக்சனின் நிபுணர். குறைத்து வெற்றி கண்ட இடமும் தூத்துக்குடியில் ஒரு யார்டு என்று எழுதியிருந்தார் பெர்சியின் நிபுணர். இரண்டும் இந்த யார்டுதான்.

டிக்சன் தலையைக் குனிந்தான். "போன வருசம் அவரோட இணையப் பக்கத்துல, 'அருமை சார், எங்க யார்டுல பறக்குது'ன்னு எழுதினேன். ஒரு லைக்காவது போடுவாருன்னு..."

"நானுந்தான்" என்றான் பெர்சி.

மந்திரமூர்த்தி எழுந்து நின்றார். அவர் கண்கள் பனித்தன. "ஆக, உலகத்துக்கே நம்ம யார்டுதான் ஆதாரம்!"

வெளியே சாயங்காலக் கப்பல் சங்கு ஊதிவிட்டுக் கிளம்பியது.

டிக்சன் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"எடுத்து மாட்டும்வே! உம்மை அனுப்பினா ஆதாரம் போயிரும். ஆனா இனிமே கம்ப்யூட்டர்ல யாரும் கை வைக்கக் கூடாது. வேகமாயிட்டா, இவ்வளவு நாளும் மெதுவா ஓடுச்சுன்னு நாமளே ஒப்புக்கிட்ட மாதிரி" என்றார் மந்திரமூர்த்தி.

அப்படித்தான் டிக்சன் தலைமை ஆலோசகர் ஆனான். மறுநாள் வெட்கம் தாங்காமல் கேட்டுக்கு ஓடினான். அடுத்த லோடோடு நின்ற தங்கதுரையின் காதில் சொன்னான்: "அண்ணாச்சி, எதுத்தாப்ல உள்ள யார்டுக்குப் போங்க. போன உடனே பாஸ் குடுக்காங்க."

தங்கதுரை எட்டிப் பார்த்தார். அந்தக் கேட்டில் ஈ காக்கை இல்லை. தமக்குப் பின்னால் ரோடு முழுக்க நின்ற லாரிகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அங்கன ஒரு லாரிகூட நிக்கலையே தம்பி. அவனை நம்பி எப்படி நண்டக் குடுக்க?"