பதினொரு மணிக்குத் தூங்கிய நாகம்மாள்

தஞ்சாவூர்,
செவ்வாய்க்கிழமை.

மஸ்கட்டில் மருத்துவமனைப் பணியில் இருக்கும் அன்புள்ள அத்தை குந்தவை அவர்களுக்கு, அண்ணன் மகள் சுடர்விழி வணங்கி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. மூவரும் இருக்கிறோம். அங்கு தாங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வெள்ளிக்கிழமை வாய்ஸ் மெசேஜில் தங்கள் குரல் நல்ல தெம்பாகத்தான் இருந்தது.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். சனிக்கிழமையிலிருந்து பதினொரு மெசேஜ் போட்டுவிட்டேன், ஒன்றில்கூட நீல டிக் விழவில்லை. எனக்கு விளக்கமெல்லாம் வேண்டாம், வீடியோ மட்டும் அனுப்பு என்று நீங்கள் முன்பே சொன்னது ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சனிக்கிழமை விமானம் ஏறும் நம் தெரு தியாகராசன் அண்ணனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து, பாட்டிலைச் சுற்றி இந்தத் தாளைக் கட்டி அனுப்புகிறேன். என் மெசேஜைத் திறக்காமல் இருக்க உங்களால் முடியும், நார்த்தங்காயைத் திறக்காமல் இருக்க முடியாது.

விஷயம் இதுதான். இங்கே உங்களுக்குக் கட்டுகிற வீட்டில் தண்ணீர் விடும் வேலை பார்த்த நாகம்மா அக்காவை நிறுத்திவிட்டார்கள். காரணம் உங்கள் மெசேஜ். உங்கள் மெசேஜுக்குக் காரணம் என் வீடியோ. அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மேஸ்திரிக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடிதம் இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் ஏன் என்று கேட்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சிவில் மூன்றாம் வருடத்தோடு நான் காலேஜை விட்டபோது, பெண் வேலைவெட்டி இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்பா உங்களிடம் போனில் அழுதார். நீங்கள்தான் அப்படியானால் வானத்திலிருந்தே எனக்கு வேலை பார்க்கட்டும் என்று சொல்லி, திருவாரூரில் ஒரு கல்யாண ஸ்டூடியோக்காரர் விற்ற பழைய ட்ரோனை எனக்கு வாங்க வைத்தீர்கள். திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் உங்கள் மனை இருக்கிற நகரில் வாரம் ஒரு வீடு முளைக்கிறது, இரண்டு பக்கம் வீடு, ஒரு பக்கம் இன்னும் வயல், அதில் இப்போது உளுந்து. வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் வீடு கட்டுகிற வேலையை மேலிருந்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வெள்ளிக்கிழமை நான் ட்ரோனை ஏற்றியபோது வேலையாட்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு மேலே பார்த்துக் கை ஆட்டினார்கள், அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். அதுதான் கடைசி சந்தோஷம். இரண்டாவது வாரம் நீல லுங்கி கட்டிய ஆள் நாலு நிமிஷம் சும்மா நிற்கிறான் என்று மஸ்கட்டிலிருந்து மேஸ்திரி ராஜராஜனுக்குப் போன் போட்டீர்கள், மேஸ்திரியும் வேகத்தில் போய்ச் சத்தம் போட்டுவிட்டார். அந்த ஆள் கரண்ட் கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர். கம்பத்தை அண்ணாந்து பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனவர் பன்னிரண்டு நாள் திரும்பி வரவில்லை. மூன்றாவது வாரம் உளுந்து வயலில் இருந்த ரெட்டைவால் குருவி ட்ரோனைத் துரத்தித் துரத்திக் கொத்தி, பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் மாமி மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் தள்ளிவிட்டது. மாமி ட்ரோனை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் வீட்டையும் மேலிருந்து எடுத்துக் காட்டுவதாகச் சத்தியம் செய்தால்தான் தருவேன் என்றார். எடுத்துக் காட்டினேன். அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, உள்ளே ஏதோ கறுப்பாக மிதந்தது. பதினொரு வருடமாக அந்தத் தண்ணீரில்தான் சமைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மாமி என்னோடு பேசுவதில்லை, நான்தான் அதை உள்ளே போட்ட மாதிரி.

இதெல்லாம் போகட்டும். போன திங்கட்கிழமை உங்கள் வீட்டுக்கு மாடித் தளம் போட்டார்கள். கான்கிரீட் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது காய்ந்து இறுகுவதில்லை, ஈரத்திலேயே கிடந்து இறுகுகிறது, நான் காலேஜில் உருப்படியாகப் படித்த ஒரே வரி அது. தளத்தின் மேல் களிமண்ணால் வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, பத்துப் பதினைந்து நாள் தண்ணீர் வற்றாமல் நிறுத்தி வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அரை நாள் விட்டால் தளம் வெடிக்கும். உங்கள் வீட்டில் அந்த வேலை நாகம்மா அக்காவுடையது. சுவருக்கும் தூணுக்கும் தண்ணீர் விட்டதும் அவர்தான். விடியற்காலை நாலரைக்கு வருவார். வெயில் ஏறுவதற்குள் பாத்தி எல்லாம் நிரம்பியிருக்கும், ஒரு வரப்பு ஒழுகாது. இருபது வருடம் வயலில் வரப்பு வெட்டிய கை அது. பத்து மணிக்கு மாடிப்படி மறைவு நிழலில் முந்தானையை விரித்துப் படுப்பார். ஒரு மணிக்கு எழுந்து மறுபடி தண்ணீர் விட்டு, பொழுது சாயும் வரை இருப்பார்.

ட்ரோன் பதினொரு மணிக்கு ஏறும்.

அந்த நேரத்தை வைத்தது நான். வெயில் நன்றாக விழும், படம் தெளிவாக வரும் என்று உங்களிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால் நான் பத்து மணிக்குத்தான் எழுவேன். கடைசி மூன்று வெள்ளிக்கிழமை, மூன்று வீடியோ, மூன்றிலும் பச்சைச் சேலை ஓரமாகப் படுத்திருந்தது. தளம் போட்ட பிறகு எடுத்த கடைசி வீடியோவில் பாத்தியில் தண்ணீர் மின்னியது உங்கள் கண்ணில் படவில்லை. தண்ணீர் சும்மா நிற்கிறதுதானே, அது வேலை மாதிரியே இல்லை. நீங்கள் போட்ட மெசேஜை மேஸ்திரி ஸ்பீக்கரில் வைத்து எல்லார் முன்னாலும் கேட்க வைத்தார்.

"அந்தப் பச்சச் சேல யாரு ராஜராஜன்? எம் மாடி என்ன தூங்கறதுக்கா கட்டுறீங்க? நாளைலேருந்து அது அங்க இருக்கக் கூடாது."

நான் மேஸ்திரியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நாகம்மா வேலை பாக்கலன்னு நான் சொல்லலம்மா. ஒங்க அத்த பாத்துட்டாங்க. பாத்ததுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது" என்றார். நாகம்மா அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"ஏம் பாப்பா, அந்த மிஷின விடியக்காலயில ஏத்த மாட்டியா?"

"அப்ப இருட்டா இருக்கும்க்கா, ஒண்ணும் தெரியாது."

"நான் தண்ணி ஊத்துற சத்தமாச்சும் கேக்குமில்ல?"

"சத்தம் அதுல பதியாதுக்கா."

அவர் ட்ரோன் பெட்டியை ஒரு விரலால் தட்டினார். "அப்ப நான் படுத்துக் கெடக்குறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவருக்குப் பதில் மேஸ்திரி யாரையும் போடவில்லை, கொத்தனார்கள் நேரம் கிடைக்கும்போது ஊற்றுவார்கள் என்றார். அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தளம் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. நானே ஊற்றுகிறேன் என்று ஏறினேன். நான் கட்டிய வரப்பு நாலும் நாலு பக்கம் உடைந்து, தண்ணீர் படி வழியாக இறங்கி, கீழே அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைக்குள் போய்விட்டது. ஆறு மூட்டை கல்லாகிவிட்டது. அதை இதுவரை உங்களிடம் யாரும் சொல்லவில்லை, இப்போது நான் சொல்லிவிட்டேன். நேற்றும் ஏறினேன். மோட்டார் ஓடவில்லை, குடத்தில் தூக்கினேன், பதினான்காவது குடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு அதே மாடிப்படி நிழலில்தான் போய்ப் படுத்தேன். நல்ல நிழல் அத்தை. அரை மணி நேரம் கண்ணே திறக்க முடியவில்லை. அப்போது யாராவது மேலே ட்ரோன் விட்டிருந்தால் என்னையும் நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள்.

உங்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மஸ்கட் போன புதிதில் ராத்திரி டியூட்டி முடிகிற நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினீர்களாம். ராத்திரி முழுக்க ஒரு நோயாளிக்கு மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டவர் நீங்கள். ஏழு மணிக்கு வந்த சூப்பர்வைசர் அம்மாள் நீங்கள் தூங்கியதை மட்டும் எழுதிக்கொண்டு போனார். இரண்டு நாள் அப்பாவுக்குப் போன் போட்டு அழுதீர்கள். அந்த அம்மாளை நீங்கள் இன்னும் பெயர் சொல்லித் திட்டுவீர்கள். எனக்கு அந்தப் பெயர்கூட மனப்பாடம். நாகம்மா அக்காவுக்கு அப்படித் திட்ட உங்கள் பெயர் தெரியாது. மஸ்கட்டம்மா என்றுதான் சொல்கிறார்.

அதனால் ஊறுகாயைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு மேஸ்திரிக்கு ஒரே ஒரு மெசேஜ் போடுங்கள். தளத்தை இன்னும் காப்பாற்றலாம், ஓரத்தில் மயிரிழை மாதிரி இரண்டு கோடுதான் விழுந்திருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை வீடியோ வராது. இனிமேலும் பதினொரு மணி வீடியோ நான் எடுக்க மாட்டேன், இது சத்தியம்.

மாமாவுக்கு என் வணக்கம். அங்கே யார் யாரைக் கேட்டதாகச் சொல்ல வேண்டுமோ அவர்களையெல்லாம் கேட்டதாக நீங்களே சொல்லிவிடுங்கள். மாரியம்மன் உங்களுக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் கொடுக்கட்டும். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், அவருடைய ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

தங்கள் அன்பு மருமகள்,
சுடர்விழி.

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: மேஸ்திரிக்கு மெசேஜ் போட வேண்டாம். எதிர்ப்பக்கம் பன்னிரண்டு வீடு கட்டுகிற புரொமோட்டர் புதன்கிழமை கூப்பிட்டார், வாரா வாரம் வீடியோ வேண்டுமாம். இந்தக் கடிதத்தைப் படித்தபிறகு நீங்கள் எனக்கு வேலை தர மாட்டீர்கள் என்று தோன்றியது, சரி என்றேன். பதினொரு மணிதான் அவருக்கும் வசதியாம். இன்று முதல் தடவை ஏற்றினேன். மணல் குவியல் ஓரத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டதும் எழுந்து, காலிச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் அங்கிருந்து இங்கேயும், நான் ட்ரோனை இறக்கும் வரை நடந்துகொண்டே இருந்தார். கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். நாகம்மா அக்கா, இப்போது அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீடியோ பார்த்துவிட்டுப் புரொமோட்டர், யாரும்மா அது, இப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். அங்கேயும் தளம் போட்டிருக்கிறார்கள். பாத்தி எல்லாம் காய்ந்து கிடந்தது.