மூணுகல்மட்டத்து வலிமானி

இந்த நாட்டில் எந்தக் குடிமகனுக்கும் வலி இருக்கக் கூடாது என்று அரசு ஒருநாள் முடிவு செய்தது. முடிவு செய்த கையோடு அதை முதலில் அமல்படுத்தியது எங்கள் மூணுகல்மட்டத்தில்தான். இவ்வளவு பெரிய மாநிலத்தில் இந்த மலையூர் எப்படிக் கண்ணில் பட்டது என்று பலர் வியந்தார்கள். நான் வியக்கவில்லை. காரணம் நான்தான்.

என் பெயர் ஹபீப் முகமது. அரவேணுவிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் மேலே ஏறினால் வரும் மூணுகல்மட்டம் அரசு ஆஸ்பத்திரியில் எழுத்தர். ஒரு கிலோ பச்சைத் தேயிலை விற்றால் ஒரு கட்டு பீடி வாங்க முடியாது என்ற நிலை வந்த வருஷம் அது. சிறு விவசாயிகள் கூடி, கத்தி, களைத்து, கடைசியில் தலைநகருக்கு ஒரு மனு அனுப்பத் தீர்மானித்தார்கள். ஊரில் தமிழ் டைப்ரைட்டர் இருந்த ஒரே இடம் ஆஸ்பத்திரி. அடித்தவன் நான். "உடனடி விலை நிவாரணம் வேண்டி" என்பது மனுவின் தலைப்பு. என் அவசரத்தில் வகரத்தின் மேல் இருக்க வேண்டிய கொக்கி லகரத்தின் மேல் ஏறிக்கொண்டது. லகரத்துக்கு முன்னால் வர வேண்டிய சங்கிலிக் கொம்பு வரவே இல்லை. "உடனடி வலி நிவாரணம் வேண்டி" என்று போய்விட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். ஒருவரும் தலைப்பைப் படிக்கவில்லை, நான் உட்பட.

அரசு படித்தது. ஒரு மலையூரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வலியால் துடிக்கிறார்கள் என்பதை அறிந்து, வரலாற்றில் முதல்முறையாக ஆறே வாரத்தில் நடவடிக்கை எடுத்தது.

ஒரு திங்கட்கிழமை லாரியில் வலிமானி வந்தது. ஆளுயர இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் மயக்க வாயு சிலிண்டர்கள். முகப்பில் ஐந்து பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். முதல் முகம் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும். அப்படியே சிரிப்பு குறைந்துகொண்டே போய், ஐந்தாவது முகம் கண்ணீர் விட்டு அழும். நோயாளி தன் வலிக்கு ஏற்ற முகத்தைத் தானே அழுத்த வேண்டும். நாலாவதோ ஐந்தாவதோ அழுத்தினால் வாயுவின் வாய் திறக்கும், அறுவை சிகிச்சை நடக்கும். முதல் மூன்றில் எதை அழுத்தினாலும் பெட்டி "டிங்" என்று மணியடித்து, "வலி இல்லை. வருகைக்கு நன்றி" என்று சீட்டுக் கொடுக்கும். வலி இல்லாதவருக்கு மயக்க மருந்து கொடுப்பது அரசுப் பொருளை வீணடிப்பது என்பது இதன் பின்னால் இருந்த தத்துவம்.

பெட்டியோடு கூடவே அதன் சாவியும், சாவியோடு கூடவே ஓர் அதிகாரியும் வந்தார். திரு. தீபக், வலி நிவாரணக் கருவிகள் கண்காணிப்பு அலுவலர். மே மாத வெயிலில் குரங்குக் குல்லாய், மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர். கொண்டை ஊசி வளைவுகளில் நாலு இடத்தில் ஜீப்பை நிறுத்தி வாந்தி எடுத்துவிட்டு, வந்து இறங்கியதும் எங்கள் ஆபீஸ் போனில் மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

"ஜர்னி எக்ஸலண்ட் சார். ஒரு சிரமமும் இல்லை சார்" என்றார். அப்புறம் போனை வைத்துவிட்டு வாளி கேட்டார்.

வாந்தி நின்றதும் முதல் வேலையாக எங்களிடமிருந்த பழைய மயக்க மருந்துக் கருவிகளை எல்லாம் பட்டியல் போட்டு, சாக்கில் கட்டி, சீல் வைத்து ஜீப்பில் ஏற்றினார். பழையதை ஒப்படைத்தால்தான் புதியது தர விதி இருக்கிறதாம்.

"அப்ப இனிமேல் எந்த ஆபரேஷனும் இந்தப் பெட்டி சொன்னால்தானா?" என்று டாக்டர் ஸ்ரீமதி கேட்டார். ஆஸ்பத்திரியின் ஒரே அறுவை சிகிச்சை டாக்டர் அவர்தான்.

"பெட்டி சொல்லாது டாக்டர். பயனாளி சொல்வார். பெட்டி கேட்கும். இது மக்களாட்சி" என்றார் தீபக். "மாதக் கடைசிக்குள் ஒரு பயனாளியாவது தேறவில்லை என்றால் பெட்டி சமவெளிக்கு மாற்றப்படும்."

மயக்கம் கொடுக்கிற டாக்டர் குன்னூரிலிருந்து புதன்கிழமை மட்டும்தான் வருவார். ஆக எங்களுக்கு இருந்தது நாலு புதன்கிழமை.

முதல் புதன் வந்தவள் மாரியாயி. சரிவுப் பாதையில் வருஷக்கணக்காகக் கொழுந்து மூட்டை சுமந்ததில் அவளுக்குக் குடலிறக்கம். அடிவயிற்றில் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்ததைச் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு மாசம் கொழுந்து பறித்திருக்கிறாள். இன்னும் விட்டால் குடல் முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் ஸ்ரீமதி அவள் புருஷன் ஆறுக்குட்டியிடம் சொல்லியிருந்தார். கோயமுத்தூர் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. ஒரு ஏக்கர் தேயிலைதான் சொத்து. அந்த வருஷம் அதைச் சொத்து என்று சொன்னால் ஆறுக்குட்டியே சிரிப்பார்.

தீபக் சாவியைத் திருகி, கையேட்டைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "பயனாளி அவர்களே, தங்களுக்கு எப்படி இருக்கிறது?"

மாரியாயி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். வேர்த்திருந்தது. ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது.

"பரவால்லீங்க" என்றாள்.

"வலி?"

"அது கெடக்குதுங்க. நீங்க எங்கிருந்தோ இத்தன தொலவு வந்துருக்கறீங்க. குளிரு ஒத்துக்குதுங்களா? சாப்புட்டீங்களா?"

இரண்டாவது முகத்தை, அதற்கு வலிக்கக் கூடாது என்பதுபோல மெதுவாக அழுத்தினாள். டிங். வலி இல்லை. வருகைக்கு நன்றி.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" என்று நர்ஸ் மரகதம் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெரியவங்க மொகத்தப் பாத்து, எனக்கு முடியலீன்னு எப்புடிங்க்கா சொல்றது? மருவாதியா இருக்குமா?" என்றாள் மாரியாயி. சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

அன்றைக்கே மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு மூக்கன் வந்தார். சில்வர் ஓக் கிளை வெட்டப் போனவர். முழங்கைக்குக் கீழே கை தனியாகத் தொங்கியது. நேராகப் போய் முதல் பொத்தானை அழுத்தினார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த மூஞ்சி ஒண்ணுதானுங்க பாக்க நல்லாருந்துச்சு" என்றார்.

தீபக் இந்தப் பிரச்சினையைத் தலைநகருக்கு எழுதினார். இவ்வட்டார மக்களுக்கு வலி இருக்கிறது, ஆனால் அதை வெளிப்படுத்தும் திறன் வளர்க்கப்படவில்லை என்று. உடனே பதில் வந்தது: திறனை வளர்க்கவும்.

ஆகவே இரண்டாவது புதன் 'வலி விழிப்புணர்வு முகாம்'. பந்தல், மைக், பவர் பாயிண்ட். டீயும் பன்னும் உண்டு என்று தண்டோரா போட்டதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. தீபக் திரையில் முக்கும் படம், முனகும் படம், கதறும் படம் காட்டினார். "எல்லாரும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள், ஆ!" என்றார். கூட்டம் பள்ளிக்கூடத்து ஒழுங்கோடு "ஆ" என்றது. "இன்னும் உள்ளத்திலிருந்து!" என்றபோது கரண்ட் போனது. கடைசியில் கருத்துக் கேட்பு. முகாம் எப்படி இருந்தது?

"பரவால்லீங்க" என்றது கூட்டம்.

மூன்றாவது புதன் ஏழு பேருக்குச் சோதனை. ஏழு டிங். மாரியாயிக்கு அது இரண்டாவது சீட்டு. இந்தமுறை உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு பரவால்லீங்க சொன்னாள். ஆறுக்குட்டி அவளைத் திட்டினார்.

"சொல்லித் தொலையேன்டி! என்ற ஊட்டுக்காரி சாகப் போறா, அவ மருவாதி பாக்கறா!"

"நீங்க மட்டும் தேயில ஃபேக்டரில போயி வெல கேட்டுப்போட்டீங்களாக்கும்" என்றாள் அவள்.

ஆறுக்குட்டி பீடியைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

டாக்டர் ஸ்ரீமதி என்னிடம் சொன்னார்: "இவங்களுக்கு வாய் இல்லாம இல்லை ஹபீப். எஸ்டேட் வேலைக்குப் போன காலத்துல, உடம்பு முடியலைன்னு சொன்னவங்க பேரைத்தான் முதல்ல வெட்டினாங்க. பரவால்லைன்னு சொன்னவங்கதான் வேலையில நின்னாங்க. அதை ஒரு பெட்டியை வெச்சு மாத்த முடியுமா?"

ஒரு கொக்கி இடம் மாறியதில் பழைய கருவிகள் போயின. இப்போது ஓர் உயிரும் போகப் பார்க்கிறது. நாலாவது புதன் காலை, தீபக் பெட்டியை லாரியில் ஏற்ற ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, டாக்டர் ஸ்ரீமதியைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"டாக்டரம்மா, இவங்க வலின்னு மனுப் போடவே இல்லை. விலைன்னு போட்டாங்க. தப்பா அடிச்சது நான்."

என்னைக் கொன்றுவிடுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நடைக்கூடத்துப் பெஞ்சில் சுருண்டு கிடந்த மாரியாயியைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"சார்! பெட்டியை ஏத்த வேண்டாம். பயனாளி தயார்" என்று கத்தினார்.

மாரியாயியை மேஜையில் படுக்க வைத்தாயிற்று. கை எட்டும் தூரத்தில் பெட்டி. தலைமாட்டில் மயக்க டாக்டர். தீபக் கையேட்டைப் பிரித்தார். டாக்டர் ஸ்ரீமதி குறுக்கிட்டார்.

"இன்னிக்குக் கேள்வியை நான் கேட்கிறேன். மாரியாயி, போன வாரம் உன் கொழுந்து என்ன விலைக்குப் போச்சு?"

"அந்தக் கேள்வி கையேட்டில் இல்லையே!" என்று தீபக் பதறினார்.

"கேள்வியை வட்டார வழக்கில் கேட்கலாம்னு பதினோராம் பக்கத்துல இருக்கு சார். இங்க வட்டார வழக்குல வலிக்கு விலைன்னுதான் பேரு."

தீபக் பதினோராம் பக்கத்தைப் பார்த்தார். இருந்தது. பேனாவை எடுத்து, 'வலி = விலை (நீலகிரி)' என்று குறித்துக்கொண்டார்.

மாரியாயி எழுந்து உட்கார முயன்றாள்.

"வெலையா? எங்கீங்க போச்சு வெல? விடிய முன்ன எந்திரிச்சு, அட்டக் கடி வாங்கி, ரெண்டு எலை ஒரு மொட்டுன்னு பாத்துப் பாத்துப் பறிச்சமுங்க. ஃபேக்டரிக்காரன் ஒரு கை அள்ளிப் பாத்துப்போட்டு, காம்பு இருக்குது, தண்ணி இருக்குது, வேண்டாங்கறான். திருப்பிக் கொண்டார லாரிக்காரனும் வரமாட்டீன்ட்டான். ரோட்டோரத்துல கொட்டிப்போட்டு வந்தமுங்க. எங்க கையால! பெத்த புள்ளையக் கொட்டுனாப்புல..."

அவள் ஐந்தாவது முகத்தில் முஷ்டியால் குத்தினாள். ஒருமுறை அல்ல, நாலு முறை, ஐந்து முறை. கண்ணீர் விடும் அந்தப் பொத்தான் உள்ளே போனது திரும்பி வரவே இல்லை. வாயு புஸ்ஸென்று திறந்தது. மயக்க டாக்டர் முகமூடியை வைத்தார். "கொழுந்த... எங்க கையால..." என்று சொல்லிக்கொண்டே மாரியாயி தூங்கிப்போனாள். கதவருகில் நின்ற ஆறுக்குட்டி அழுதார். நானும்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாலையில் அவள் கண் விழித்ததும், பதினாலு தையலோடு படுத்திருந்தவளிடம் தீபக் பின்தொடர் படிவத்தோடு போனார்.

"இப்போது எப்படி இருக்கிறது?"

"பரவால்லீங்க. நீங்க சாப்புட்டீங்களா?"

அதையும் எழுதிக்கொண்டு, பெட்டியை எங்களிடமே விட்டுவிட்டு, தீபக் மலையிறங்கினார். ஒரு பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொண்டதால் வாயு எல்லாருக்கும் திறந்தது. மூக்கனின் கையை அடுத்த புதன் நிமிர்த்திக் கட்டினார்கள். ரிப்பேர் செய்யச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை. ஒன்று அடித்துத் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள்தான். டைப்ரைட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மனுவுக்கு அதிகாரபூர்வமான பதில் வந்தது. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கூட்டத்துக்கு நடுவே நான் வாசித்துக் காட்டினேன்:

"மூணுகல்மட்டத்தில் வட்டார வழக்கில் 'விலை' எனப்படும் உபாதை குறித்து நேரடி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. திருமதி மாரியாயி என்னும் பயனாளிக்கு இருந்த விலை அறுவை சிகிச்சை மூலம் முற்றிலுமாக அகற்றப்பட்டது. தற்போது இவ்வட்டாரத்தில் விலை ஏதும் இல்லை என உறுதி செய்யப்பட்டு, கோப்பு முடிக்கப்படுகிறது."

அரசாங்கக் காகிதத்தில் இவ்வளவு சரியான தகவலை எங்கள் ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

கோப்பை முடிக்குமுன் பயனாளிகளின் ஒப்புதல் வாங்க ஜீப்பில் ஒரு குழு வந்தது. நாலு பேர், நாலு குரங்குக் குல்லாய். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் டீக்கடை முன்னால் கூடியிருந்தார்கள். காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஆறுக்குட்டி முன்வரிசையில், இன்றைக்கு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பதாகச் சொல்லி வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பக்கத்தில் மாரியாயி. டைப்ரைட்டரோடு நான்.

குழுத்தலைவர் ஜீப்பிலிருந்து இறங்கி, கைகளைக் கூப்பி, "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்றார்.

ஆறுக்குட்டி வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"பரவால்லீங்க" என்றார். பின்னாலிருந்து இருநூற்றுப் பதினொரு குரல் அதையே சொன்னது. குழுத்தலைவர் என் பக்கம் திரும்பி, "நீங்க?" என்று கேட்டார்.

நானும் அதையே சொல்லிவிட்டு, எல்லார் சார்பிலும் அதை டைப் அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு ஓர் எழுத்துப் பிழைகூட வரவில்லை.