தாமல் ஏரியில் மோர்

காஞ்சிபுரத்தில் பெட்ரியைவிட அதிகப் பிள்ளைகளை வளர்த்தவர் யாரும் இல்லை. எல்லாம் கிருமிகள். அவற்றை வளர்க்கும் வட்டத் தட்டின் பெயரையே வகுப்பு அவளுக்கு வைத்துவிட்டது.

பி.எஸ்சி. உயிரியல், கடைசி வருடம். தாமல் ஏரித் தண்ணீரில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் புராஜெக்ட். பாதிப் பேர் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். மீதிப் பேர் தண்ணீரைச் சென்னைக்கு அனுப்பி, வரும் மரபணு விவரத்தைக் கம்ப்யூட்டரில் அலச வேண்டும். நான் கம்ப்யூட்டர். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நான்கு நாளில் முடித்தேன். ஆய்வகத்தில் பெட்ரிக்கு நான்கு மாதம் ஆனது.

கிருமி வளர்க்கும் கல்லூரிச் சூட்டுப்பெட்டி அடிக்கடி படுத்துவிடும் என்பதால் தட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போவாள். அடையாளத்துக்கு, வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலை நிறம் நிறமாகக் கட்டியிருப்பாள். பஸ்ஸில் அவை ஜன்னலோரம் உட்கார்ந்து வரும். அவள் நின்றுகொண்டு வருவாள். அதுங்களுக்கும் டிக்கெட் எடுக்கிறியா என்று கண்டக்டர் கேட்டதற்கு, இன்னும் அஞ்சு வயசு ஆகலை என்றாள்.

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, பைண்டிங் செய்த என் அறிக்கையை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா தாமல் ஏரியில் கூட்டம் கூட்டமாக இருப்பது என் கண்டுபிடிப்பு.

“எதுல மொண்டுக்கினு வந்தே?”

“வாட்டர் பாட்டில்லதான்.”

“அதுல முன்னாடி இன்னா இருந்துச்சு?”

மோர். அம்மா கொடுத்தனுப்பிய மோர்.

“கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுதுபா. நீதான் ஏரின்னு எழுதி வச்சிக்கினு இருக்கே.”

பட்டம் போய்விட்டதென்றே நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடு, ஆனால் ஆதாரத்தோடு சொல் என்றாள். அன்று மாலையே என் வீட்டு மோரை வரவழைத்து ஒரு தட்டிலும், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை இன்னொரு தட்டிலும் தடவினாள். இரண்டு நாளில் இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

தேர்வு நாளில் தவறை நானே சொல்லித் தட்டுகளை நீட்டினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். தேர்ச்சியும் போட்டார்.

அடுத்தது பெட்ரி. ஏரித் தண்ணீர்ச் சோதனையை விதிப்படி மூன்றாவது முறையும் ஏன் செய்யவில்லை என்று அவளைக் கேட்டார். தட்டு தீர்ந்துபோச்சு சார் என்றாள், அவ்வளவுதான். மார்க்கைக் குறைத்தார்.

அவளுடைய கடைசி இரண்டு தட்டுகளும் என் கையில் இருந்தன. வெளியே வந்தவளிடம் தட்டுகளோடு ஓடினேன்.

“தட்ட நேரா புடிபா. அதுங்க இன்னும் உயிரோடதான் இருக்குது.”

அவளுடைய பஸ் வரும்வரை நேராகவே பிடித்திருந்தேன்.