கழுதை சொன்ன ‘ம்’

ஒரு காட்டில், மேட்டில் ஏறி நின்றால் மட்டும் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கிற பகுதியில், ஒரு கழுதை மனநல ஆலோசனை மையம் நடத்திவந்தது. அதன் பெயர் செண்பகவடிவு. கழுதைக்கு இப்படி ஒரு பெயரா என்று சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். குளத்துத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுவே சிரித்துத் தீர்த்த விஷயம்தான்.

மிருகங்களின் மனக்குறையைக் கேட்கும் வேலைக்கு அதனிடம் இருந்தவை இரண்டே தகுதிகள். ஒன்று, காது. காட்டில் அவ்வளவு காதை வேறு யாரும் கொடுத்துக் கேட்க முடியாது. யானைக்கு இன்னும் பெரிய காது உண்டுதான், ஆனால் அது விசிறிக்கொள்ள. இரண்டாவது, ‘ம்’. யார் எதைச் சொன்னாலும் செண்பகவடிவு குரலை ஏற்றாமல் இறக்காமல் “ம்” என்னும். புரிகிறது, மேலே சொல்லுங்கள், அழவேண்டுமானால் அழுங்கள், இதற்கு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, எல்லாம் அந்த ஒரு ‘ம்’முக்குள் அடக்கம். பெரும்பாலும் அது கடைசியில் சொன்னதாகத்தான் இருக்கும்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அதைத் தகுதி என்று சொல்லிக்கொள்ள அதற்கே கூச்சம். வந்தவர் பேசப் பேசச் செண்பகவடிவு காகிதத்தில் குறிப்பெடுக்கும். நேரம் முடிந்ததும் அவர் கண்முன்னாலேயே அந்தக் காகிதத்தை மென்று விழுங்கிவிடும். அலமாரி கிடையாது, பூட்டு கிடையாது, எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். அடுத்த வாரம் வந்தால், “போன வாரம் எதுல விட்டோம்?” என்று டாக்டரே கேட்கும். அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. சொன்னது வயிற்றோடு போய்விட்டது என்ற நிம்மதியில் பாதிப் பேருக்குக் குணமானது. மீதிப் பேருக்கு, டாக்டர் காகிதம் தின்பதைப் பார்த்த சிரிப்பில் குணமானது.

புதன்கிழமைதோறும் பெரியநாயகி வரும். நாற்பது யானைகள் கொண்ட கூட்டத்தின் தலைவி அது. கோடையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் இருக்கும், எந்தப் பாறையில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதன் தலைக்குள்தான் இருந்தது. வேறு எங்கும் எழுதப்படவில்லை.

“டாக்டரம்மா, எனக்கு மறந்துபோகுது” என்றது பெரியநாயகி.

“ம்.”

“போன கோடையில கவட்டைப் பாறைகிட்ட வந்து நின்னுட்டேன். வலமா இடமான்னு தெரியல. காத்த மோந்து பாக்கிற மாதிரி தும்பிக்கையைத் தூக்கிக்கிட்டு நின்னேன். எல்லாரும் என்னமோ பெரிய வித்தைன்னு பாக்குறாங்க. குத்துமதிப்பா இடப்பக்கம் நடந்தேன். தண்ணி இருந்துச்சு. இல்லாமப் போயிருந்தா? குட்டிங்க எல்லாம் கூட வந்துச்சே.”

“ம்.”

“என் தங்கச்சி பேரு நேத்து வரல. ‘ஏ இவளே’ன்னு கூப்ட்டுச் சமாளிச்சேன்.” பெரியநாயகி குரலைத் தாழ்த்தியது. “தலைமை போனாப் போகட்டும் டாக்டரம்மா. ஆனா எல்லாரும் என்னை ‘ஐயோ பாவம்’னு பாப்பாங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியாது. இது வெளிய போகக் கூடாது.”

அன்று செண்பகவடிவு காகிதத்தை வழக்கத்தைவிட நன்றாகவே மென்றது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டியது. யானை குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனது.

இப்படி இருபது வருஷம் காகிதம் தின்றால் எந்த வயிறுதான் தாங்கும்? ஒருநாள் வயிறு கல்லாகிவிட்டது. வைத்தியக் கொக்கு அலகால் அங்கே இங்கே குத்திப் பார்த்தது.

“நீல மையா, கறுப்பு மையா?”

“ரெண்டும்தான். கையெழுத்துக்குப் பச்சையும் உண்டு.”

“இனிமே ஒரு துண்டுக் காகிதம் உள்ள போகக் கூடாது. புல்லு தின்னுங்க. நீங்க கழுதைதானே?” என்றது கொக்கு.

கதையில் இந்த இடத்துக்கு ஒரு நரி வந்து ஏமாற்றும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். நரி அப்போது குற்ற உணர்ச்சிக்காக வியாழன்தோறும் செண்பகவடிவிடமே வந்துகொண்டிருந்தது. வந்தது ஒரு புள்ளிமான். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் அவ்வளவு கருணை. விளாங்காய் அளவில் ஒரு கருவியை மேசையில் வைத்தது. கருவியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

“காதுக்குட்டி, மேடம். செயற்கை நுண்ணறிவு. நீங்க கேளுங்க, இது எழுதும். உங்க போனோட சேந்துக்கும்.”

“வர்றவங்ககிட்ட இதப் பத்திச் சொல்லணுமே? சம்மதம் வாங்கணுமே?”

“அதையும் இதுவே வாங்கிக்கும் மேடம். உங்களுக்கு எதுக்கு அந்தச் சங்கடம்?” என்ற மான், நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு படிவத்தை நீட்டியது. “கடைசிப் பக்கத்துல மட்டும் ஒரு குளம்பு வையுங்க.”

பழைய நாளாக இருந்தால் செண்பகவடிவு அந்த நாற்பத்தாறு பக்கத்தையும் தின்றாவது பார்த்திருக்கும். இப்போது வைத்தியர் தடை. படிக்கலாம் என்ற யோசனை அதற்கு வரவே இல்லை. குளம்பை வைத்தது. இந்த இடத்தில் கழுதையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாமெல்லாம் நேற்று எதற்கோ ‘ஏற்கிறேன்’ என்று தட்டியவர்கள்தான்.

அடுத்த புதன்கிழமை பெரியநாயகி வந்து உட்கார்ந்ததும் மேசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. “வணக்கம். உங்கள் பேச்சைக் கேட்டு எழுதிக்கொள்ளலாமா?”

பெரியநாயகி திடுக்கிட்டுக் காதை விரித்தது. “யாரு டாக்டரம்மா இது?”

“என் உதவிக்கு வெச்சிருக்கேன். குறிப்பு எடுக்கும்.”

பெரியநாயகி அந்த விளாங்காயைத் தும்பிக்கை நுனியால் தொட்டுப் பார்த்தது. பிறகு நேராகக் கேட்டது. “இதுவும் தின்னுடுமா?”

செண்பகவடிவு இப்போது சொல்லியிருக்க வேண்டியது: இல்லை அம்மா, இது தின்னாது, எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும், எங்கே என்று எனக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னால் ஏன் தெரியாது என்று அடுத்த கேள்வி வரும். படிவத்தைப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கருவியை ஒதுக்கிவிட்டு மறுபடி குளம்பு வலிக்க எழுத வேண்டும்.

“ம்” என்றது செண்பகவடிவு.

யானைக்கு முகம் தெளிந்தது. காதுக்குட்டியைப் பார்த்து அதுவும் “ம்” என்றது.

“சம்மதம் பதிவுசெய்யப்பட்டது” என்றது காதுக்குட்டி. பெரியநாயகி வழி மறந்த கதையை முதலிலிருந்து சொன்னது.

தான் சொன்னது கேட்கிறேன் என்பதற்கான ‘ம்’தான், ஆமாம் என்பதற்கானது இல்லை என்று செண்பகவடிவு பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தும் நம்ப முடியவில்லை.

கருவிக்கு அந்தக் குழப்பமே இல்லை. எத்தனை ‘ம்’ வந்தாலும் அதற்கு ‘ஆமாம்’ என்ற ஒரே அர்த்தம். வியாழக்கிழமை நரி வந்து, “நான் ரொம்பக் கெட்டவன் டாக்டரம்மா” என்று விசும்பியபோது செண்பகவடிவு ஆறுதலாக “ம்” என்றது. மாலையில் குறிப்பைப் பார்த்தால், ‘வாடிக்கையாளர் தான் கெட்டவர் என்றார். ஆலோசகர் உறுதிசெய்தார்’ என்று இருந்தது. செண்பகவடிவு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த வேகத்தில் அதைத் திருத்த மறந்துவிட்டது.

மழைக்காலம் போய்க் கோடை வந்தது. ஒரு மத்தியானம், புல் தின்ற மயக்கத்தில் செண்பகவடிவு நின்றபடியே கண்ணயர்ந்திருந்தது. காதுக்குட்டி பேசியது.

“உங்கள் குறிப்புகள் மற்றவர்களுக்கும் உதவலாம். காட்டு நலக் குழுவில் பகிரட்டுமா?”

யாரோ குறை சொல்ல வந்திருக்கிறார்கள் என்று கழுதையின் தூக்கம் நினைத்துக்கொண்டது. இருபது வருஷப் பழக்கம் லேசில் போகுமா?

“ம்” என்றது. பிறகு அன்பாக, “மேல சொல்லுங்க” என்றது.

“அப்படியே. எல்லாவற்றையும் சொல்கிறேன்” என்றது காதுக்குட்டி.

காட்டு நலக் குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அதுவரை அங்கே காலை வணக்கமும் பூப்படமும் தவிர வேறு எதையும் யாரும் போட்டதில்லை. போன் விடாமல் அதிர்ந்ததில் செண்பகவடிவு விழித்தது. எடுத்துப் பார்த்தது. முதல் குறிப்பே பெரியநாயகியுடையது. யார் என்று தெரிந்துவிடக் கூடாது என்பதில் காதுக்குட்டி மிகுந்த அக்கறை எடுத்திருந்தது.

‘பெயர்: மறைக்கப்பட்டுள்ளது. எடை: நான்கு டன். பணி: யானைக் கூட்டத்தின் தலைவி. வழி மறந்துவிடுவதாகக் கூறினார். ஆலோசகர் உறுதிசெய்தார்.’

காட்டில் இருந்தது ஒரே ஒரு யானைக் கூட்டம்.

செண்பகவடிவு கருவியிடம் பாய்ந்தது. “அழி, அழி, எல்லாத்தையும் அழி!”

“குழுவிலிருந்து அனைத்தையும் நீக்கட்டுமா?”

“ம்! ம்!”

“மன்னிக்கவும், புரியவில்லை. ஆம் அல்லது இல்லை எனத் தெளிவாகக் கூறவும்.”

ஆம் என்று சொல்லத்தான் செண்பகவடிவு வாயைத் திறந்தது. பதற்றத்தில் ஆம் வரவில்லை. தொழில் மரியாதைக்காக இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த கழுதைக் குரல் வந்தது. காடு முழுக்கக் கேட்கும்படி வந்தது.

“இந்த மொழியைத் தற்போது நான் அறியேன்” என்றது காதுக்குட்டி. ஒருவழியாக ஆம் வாயில் வந்தபோது, “நீக்குவதற்கான அவகாசம் முடிந்தது. நாற்பத்தாறு பக்கப் படிவத்தைப் பூர்த்திசெய்யவும்” என்றது.

செண்பகவடிவு கருவியைப் பல்லில் கவ்விக்கொண்டு ஓடியது. பெரியநாயகி படிப்பதற்குள் போய்விட வேண்டும். போய் என்ன சொல்வது என்று தெரியாது, ஆனாலும் ஓடியது. வழியில் நரி மறித்தது.

“பாத்தேன் டாக்டரம்மா. நான் கெட்டவன்னு நீங்களே உறுதி பண்ணிட்டீங்களே! எனக்கு அதுல ஒரு சந்தேகம் இருந்துச்சு. இப்பத்தான் மனசு லேசாச்சு” என்று கும்பிட்டது. அதன் கக்கத்தில் ஒரு கோழி இருந்தது.

கவட்டைப் பாறையருகே யானைக் கூட்டம் வரிசையாக நின்றிருந்தது. வரிசையின் முதலில் தங்கை செங்கமலம். பெரியநாயகியைத் தேடினால், கடைசியில், குட்டிகளோடு நின்றது. ஒரு குட்டி அதன் வாய்க்குப் புல் ஊட்டப் பார்த்தது. செங்கமலம் திரும்பி, “அக்கா, பாத்து. அங்க ஒரு கல்லு இருக்கு” என்றது. ஐம்பது வருஷமாகப் பெரியநாயகி கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய கல் அது. மற்ற முப்பத்தொன்பது யானைகளும் பெரியநாயகியை அன்பாகப் பார்த்தன. இவ்வளவு அன்பாக அவை யாரையும் பார்த்ததில்லை.

செண்பகவடிவு கருவியைக் கீழே வைத்தது. “அம்மா...” என்றது. இவளுக்குத்தான் மறதி ஆயிற்றே, நாம் சொன்னதும் மறந்திருக்கக்கூடும் என்று ஒரு நப்பாசை அதற்குள் எட்டிப் பார்த்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னைத்தானே உதைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் கழுதைக்குப் பின்னால்தான் உதைக்க வரும்.

பெரியநாயகி அதன் பக்கம் திரும்பியது.

“எனக்கு எத்தனையோ மறந்துபோச்சு டாக்டரம்மா. அந்தா முன்னால நிக்கிறாளே, அவ பேரு இன்னிக்குக் காலையில இருந்து வரல. ஆனா, ‘இதுவும் தின்னுடுமா’ன்னு நான் கேட்டது ஞாபகம் இருக்கு. நீங்க ‘ம்’னு சொன்னதும் ஞாபகம் இருக்கு.”

செண்பகவடிவு வாயைத் திறந்தது. இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு ‘ம்’கூட வரவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது. தனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று அதற்குப் பட்டது. குனிந்து காதுக்குட்டியை எடுத்து வாயில் போட்டது. நொறுநொறுவென்று மென்றது. மெல்ல முடியாததை அப்படியே விழுங்கியது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டியது.

பெரியநாயகி இந்தமுறை எட்டிப் பார்க்கவில்லை.

“தின்னுட்டேம்மா” என்றது செண்பகவடிவு. “என்னை மன்னிச்சிடுவீங்களா?”

செங்கமலம் முன்னால் பிளிறியது. கூட்டம் நகர்ந்தது. குட்டிகள் இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்ள, பெரியநாயகி திரும்பி அவற்றோடு நடந்தது. நடந்துகொண்டே, “ம்” என்றது.

மன்னித்தேன் என்பதா, காதில் விழுந்தது என்பதா, போய்த் தொலை என்பதா? ‘ம்’மில் இருபது வருஷ அனுபவம் உள்ள செண்பகவடிவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசி யானை மறையும்வரை அங்கேயே நின்றது. அப்போது அதன் வயிற்றுத் தோல் வழியாக மங்கலாக ஒரு பச்சை வெளிச்சம் தெரிந்தது. உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

“சம்மதம் பதிவுசெய்யப்பட்டது.”

நீதி: மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வயிற்றில் ஒரு கருவியோடு போவது நல்லது. மன்னித்துவிட்டார்கள் என்று அதாவது எழுதிக்கொள்ளும்.