எல்லாம் திறக்கும் ஒரே பாஸ்வேர்டு

இனிமேல் வீட்டில் எந்தப் படிவத்தையும் நான் நிரப்பப் போவதில்லை. குளிக்கும்போது எடுத்த முடிவு. அதனால் உறுதியாகவே இருந்தது.

ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான்தான். வருகைப் பதிவு, கேன்டீன், மருத்துவக் காப்பீடு, லீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு ஜனங்கள் திண்டாடினார்கள். ஒரே லாகினில் எல்லாம் திறக்கும்படி செய்தது அடியேன். கைதட்டினார்கள். அந்தத் தலைக்கனத்தோடு வீட்டுக்கு வந்து, மனைவியிடம் லேப்டாப்பை நீட்டினேன்.

"இந்தா, காப்பீட்டுப் படிவம். குடும்ப விவரமெல்லாம் உனக்குத்தானே அத்துப்படி? நீயே நிரப்பிடு."

"உங்க ஆபீஸ் சமாசாரம். எனக்கு எப்படித் திறக்கும்?" என்றாள் மனைவி.

"என் பாஸ்வேர்டைப் போட்டா திறக்கும். ஒண்ணே ஒண்ணுதான்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்! யாரு செஞ்சது?"

"நீங்கதாங்க."

ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. மூன்று வருஷமாக நான் மாமியார் வீட்டுப் பக்கமே போகவில்லை. லீவே கிடைக்கவில்லை என்று கதை விட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் தங்கமானவர். ஆனால் பேசுவார். நான் தலையாட்ட வேண்டும். இரண்டாம் நாளே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

படிவம் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. லேப்டாப்பை மட்டும் அவள் மூடவில்லை.

"என்னங்க, லீவுன்னு ஒண்ணு இருக்கே. முப்பத்தோரு நாள் மிச்சம்னு காட்டுது?"

"அது... பழசு."

"இன்னைக்குத் தேதி போட்டிருக்கே."

"சிஸ்டம் கோளாறு!"

"நீங்க செஞ்ச சிஸ்டமா?"

கோளாறு உண்டு என்றால் மானம் போகும். கோளாறு இல்லை என்றால் கழுத்து போகும். மானத்தைக் காப்பாற்றினேன்.

"என் சிஸ்டத்துல கோளாறே வராது!"

"அப்ப சரி. பத்து நாள் லீவு கேட்டு இப்பவே அனுப்பிட்டேன். அம்மாகிட்டயும் சொல்லியாச்சு."

அடுத்த நாள் காலை முதல் வேலையாக மேனேஜர் அறைக்கு ஓடினேன். மனைவி அனுப்பியது என்று சொல்ல வழியில்லை. பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள் என்று சுவரெல்லாம் ஒட்டிவைத்ததே நான்தான்.

"சார், அந்த லீவு... தெரியாம அனுப்பிட்டேன். ரத்து பண்ணிடுங்க."

அவர் கண் கலங்கியிருந்தது.

"கூச்சப்படாதீங்க. காரணம் எழுதியிருந்தீங்களே, 'மாமியாரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை'ன்னு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ளையா!"

என் பத்து நாளை அவரே இருபதாக்கியிருந்தார்.