இல்லாமையும் இரவல்

குளிராத ஃபிரிட்ஜுக்கும் ஃபிரிட்ஜ் என்றுதானே பெயர்?

றுக்கியா இதை யாரிடமும் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று தனக்குள்தான் கேட்டுக்கொண்டாள். கத்தாருக்குப் போன தம்பி விட்டுப்போன ஃபிரிட்ஜ் அது. குளிர்வதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. இப்போது அதன் மேல்தட்டில் அரிசி, நடுத்தட்டில் மகள் ஸும்ராவின் புத்தகங்கள், காய்கறிப் பெட்டியில் பெருநாள் சாரி. உச்சியில், ஒரு காலத்தில் ஐஸ் பிடித்த பெட்டிக்குள், துணியில் சுற்றி வைத்த உம்மாவின் ஆறு கோப்பைகள். வீட்டில் எலி நுழையாத ஒரே இடம்.

ஆனால் கல்வி உதவி நிதியத்தின் விண்ணப்பப் படிவத்தில், 'குளிர்சாதனப் பெட்டி உண்டா?' என்று மட்டும்தான் இருந்தது. குளிருமா என்று அவர்கள் கேட்கவில்லை.

"பாத்துக்கிட்டே நிண்டா அது நடந்து போகுமா?" என்றாள் பக்கத்து வீட்டு லெய்லா. "நிதியத்து ஆக்கள் லுஹர் தொழுதிட்டு வந்திருவாங்க. புடி அந்தப் பக்கம்."

ஸும்ராவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. இடம்தான் கிடைத்திருந்தது, தங்கவும் தின்னவும் வழி கிடைக்கவில்லை. நிதியத்தின் உதவி வந்தால் போவாள். வராவிட்டால் கற்பிட்டியில் ஒரு துணிக்கடை காத்திருந்தது. முதலாளி இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டார்.

படிவத்தில் 'மாத வருமானம்' என்ற இடத்தில் ஸும்ராவின் வாப்பா நெய்னார் ஒரு வாரம் யோசித்தார். கடலுக்கு மாதம் தெரியாது. கடைசியில், 'வலையில் பட்டால் உண்டு' என்று எழுதினார். கிராம சேவகர் அதை வாசித்துவிட்டு, பொய்யில்லைதானே என்று முத்திரையும் குத்திவிட்டார். அதனால்தான் நிதியத்தின் ஆட்கள் நேரிலேயே பார்க்க வருகிறார்கள்.

"போன வருஷம் ஒரு புள்ளைக்கு உதவி இல்லையெண்டு போனது ஃபிரிட்ஜாலதானாம்" என்றாள் லெய்லா.

லெய்லா சொன்னால் குறிஞ்சிப்பிட்டியின் அந்த ஒழுங்கையில் மறுபேச்சில்லை. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் முதல் தகவல் அவளுக்குத்தான் போகும். யார் வீட்டில் நல்ல சோபா, யாரிடம் பூப்போட்ட திரைச்சீலை, யாருடைய மின்விசிறி சத்தம் போடாது என்று எல்லாம் மனப்பாடம். அரை மணி நேரத்தில் இரவல் சாமான்களால் எந்த வீட்டையும் பணக்கார வீடாக்கிவிடுவாள். ஒரே சோபாவில் ஏழு மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து எழும்பி, ஏழு நிக்காஹும் முடிந்திருக்கிறது. அதே வித்தையை இன்று தலைகீழாகச் செய்ய வந்திருக்கிறாள்.

முதலில் ஃபிரிட்ஜுக்கு ஒரு வெள்ளை விரிப்பைப் போர்த்திப் பார்த்தார்கள்.

"அல்லாவே, மையித்து எழும்பி நிக்கிற மாதிரி இரிக்கி" என்றாள் ஸும்ரா.

பிறகு லெய்லாவின் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுடைய வாசலுக்குள் அது நுழையவில்லை. திரும்பக் கொண்டு வந்து கிணற்றடியில் நிறுத்தினார்கள். நெய்னார் நான்கு கம்பு நட்டு, சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு கட்டினார். தள்ளி நின்று பார்த்தார்.

"கக்கூசு மாதிரி இரிக்கி."

"நல்லதாப் போச்சு. கேட்டா அப்பிடியே சொல்லுவம்" என்றாள் லெய்லா.

"பழைய கக்கூசு ஒண்டு இரிக்கே ராத்தா. ரெண்டு கக்கூசு எண்டா வசதியில்லையா?" என்றாள் றுக்கியா.

லெய்லா பழைய கக்கூசைத் திரும்பிப் பார்த்தாள். "பழசு இடிஞ்சு போச்சு எண்டு சொல்லுவம். ஆரும் அதுக்குள்ள போயிராதீங்க." பிறகு நெய்னாரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நானா, நீங்களும் போங்க."

"நான் எங்க போற? இது எண்ட வூடு."

"உங்கட ஒடம்பப் பாத்தா ஒரு மனிசனும் உதவி தரமாட்டான். கரைக்குப் போங்க."

நெய்னாருக்குக் கோபம் வந்தது. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. தன் உடம்பை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் நிலம் சதுரமாய் வெளுத்துக் கிடந்தது. அதை மறைக்க லெய்லா ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். அதன் ஒரு கால் உடைந்து, வலை கட்டும் நைலோன் நூலால் வரிந்து கட்டியிருந்தது. கிழிந்த பாய் ஒன்றும், நசுங்கிய அலுமினியக் குவளைகளும் கூடவே வந்தன.

"இதெல்லாம் ஆருட?" என்றாள் றுக்கியா.

"கேக்காத. ஆலங்குடாவில இருந்து இப்பத்தான் எண்ட தம்பிட ஆட்டோவில வந்து எறங்கிச்சு."

எல்லாம் முடிந்த பிறகு றுக்கியா அறையைப் பார்த்தாள். இது யாருடைய வீடு? இவ்வளவு இல்லாத பெண் யார்? அந்தப் பெண்ணை நினைக்க அவளுக்கே இரக்கமாக இருந்தது. கொஞ்சம் அரிசி கொடுத்து அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

லுஹர் தொழுகை முடிந்து வேன் வந்தது. நிதியத்தின் தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியாரும், கோப்பும் பேனையுமாக ஷானிகா மிஸ்ஸும் இறங்கினார்கள். ஷானிகா சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பேசுவாள்.

ஹாஜியார் சலாம் சொல்லிக் கதிரையில் உட்கார்ந்தார். குனிந்து அதன் காலைப் பார்த்தார்.

"பழைய கதிரை, ஹாஜியார்" என்றாள் லெய்லா அவசரமாக.

"தெரியும். காலைல ஏத்தாளையில இதுலதான் இரிந்தன். பொறகு ஆலங்குடாவில இரிந்தன். இப்ப இங்கயும் இரிக்கிறன்."

"எல்லா வூட்டிலயும் ஒரே மாதிரிக் கதிரைதானே, ஹாஜியார்."

"ஓம். நூல் முடிச்சும் ஒரே மாதிரி. வார வழியில ஒரு ஆட்டோ எங்கட வேனை முந்திக்கொண்டு பறந்திச்சு. நாலு கதிரைக்கால் வெளியால தெரிஞ்சது."

லெய்லா தன் முந்தானையில் இல்லாத ஒரு நூலைத் தேட ஆரம்பித்தாள். ஷானிகா குனிந்து எதையோ எழுதினாள்.

"மகள், நல்லாப் படிச்சிருக்கிறீங்க, மாஷா அல்லாஹ்" என்றார் ஹாஜியார் ஸும்ராவிடம். "புத்தகமெல்லாம் எங்க? ஒண்டையும் காணல்லியே."

பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. கை தானாகக் கிணற்றடியைக் காட்டியது. "அங்க."

"அங்க என்ன?"

"கக்கூசு" என்றாள் லெய்லா.

ஹாஜியார் ஸும்ராவைப் பார்த்தார். கிடுகைப் பார்த்தார். "படிக்க அமைதியான எடந்தான்" என்றார்.

றுக்கியா தேநீர் ஊற்ற அடுப்படிக்குள் ஓடினாள். நசுங்கிய குவளைகள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள். வைத்தாள். திரும்ப எடுத்தாள். ஃபிரிட்ஜை மறைக்க முடிந்தது. புருஷனை மறைக்க முடிந்தது. வாசல் தேடி வந்தவர்களுக்கு இதில் தேத்தண்ணி கொடுக்க மட்டும் கை வரவில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து, கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்தபோது உம்மா முதலில் வாங்கியது பாயல்ல, பானையல்ல. தங்கக் கரை போட்ட ஆறு கோப்பைகள். 'ஆரும் வந்தா என்ன செய்ற?' என்று உம்மா வாப்பாவிடம் கேட்டது றுக்கியாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது.

அவள் குவளையை வைத்துவிட்டு, முற்றத்தைக் கடந்து, கிடுகுக்குள் நுழைந்தாள். வெளியே வரும்போது கையில் ஆறு கோப்பைகள் இருந்தன.

அறையிலிருந்து பார்த்தால் முற்றம் தெளிவாகத் தெரியும் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. ஹாஜியாரின் கண்கள் அவளோடு கக்கூசுக்குப் போய், அவளோடு திரும்பி வந்திருந்தன. இனி ஓட முடியாது. கோப்பைகளை நன்றாக அலசித் தேநீர் ஊற்றித் தட்டில் வைத்தாள். எதை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று அவளுடைய விரல்களுக்குத் தெரியும். தங்கக் கரை, இருக்க வேண்டிய இடத்தில் மின்னியது.

ஹாஜியார் கோப்பையை வாயருகே கொண்டுபோகவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடியைத் தூக்கிப் பார்த்தார்.

விலை மதிக்கிறார், என்று றுக்கியா நினைத்தாள். முடிந்தது.

ஷானிகா தன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தட்டில் இருந்தவற்றை எண்ணினாள். "ஆறும் இருக்கா, அக்கா?"

"ஓம் மிஸ். உம்மா தந்த ஆறும் அப்பிடியே இரிக்கி. ஒண்டையும் நான் எறியல்ல." பெருமையாகச் சொன்ன பிறகுதான், தன் வாயாலேயே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது புரிந்தது. கதவுக்குப் பின்னால் லெய்லா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒருக்காக் கை கழுவிட்டு வாறன்" என்று ஹாஜியார் எழும்பினார். நேரே கிணற்றடிக்குப் போனார். கிணற்றைத் தாண்டிக் கிடுகுக்குள் போனார்.

எல்லோரும் கிடுகையே பார்த்தார்கள். ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கதவின் ரப்பர் விளிம்பு 'ப்ளக்' என்று ஒட்டிக்கொண்டது. ஹாஜியார் திரும்பி வந்து, அதே கதிரையில் உட்கார்ந்து, தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல தேத்தண்ணி."

வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, அரிசியில வண்டு புடிச்சிரிக்கி. வெயில்ல போடுங்க."

வேன் மறையும்வரை லெய்லா பொறுத்திருந்தாள். "எல்லாத்தையும் மறைச்சுத் தந்தனே! கடைசியில பீங்கான் கோப்பையில தேத்தண்ணி குடுத்துக் கெடுத்திட்டியே புள்ள!"

றுக்கியா கோப்பைகளை அலசித் துடைத்துத் துணியில் சுற்றினாள். மறுநாள் காலை ஸும்ரா, துணிக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று வாப்பாவிடம் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அது றுக்கியாவை நாள் முழுக்க அறுத்தது. ஆறு கோப்பைக்காகப் பிள்ளையின் படிப்பை விற்றுவிட்டேனா?

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. படிப்பு முடியும்வரை உதவி உண்டு. ஸும்ரா அதை மூன்று தடவை சத்தமாக வாசித்தாள். நெய்னார் வலையைப் போட்டது போட்டபடி விட்டு, தன் உடம்பு முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி அழுதார். ஃபிரிட்ஜ் பழைய சதுரத்துக்குத் திரும்பியது.

றுக்கியாவுக்குக் காரணம் விளங்கிவிட்டது. இல்லாவிட்டாலும் மரியாதை தெரிந்த வீடு என்று, அந்த நல்ல கோப்பைகளைக் கண்டு மதித்திருக்கிறார்கள். உம்மா உயிரோடு இருந்திருந்தால் கேட்டுச் சிரித்திருப்பாள்.

அன்று மாலை அஸர் தொழுகை நேரம் லெய்லா வந்தாள். அவளுடைய மகன் ஃபஸ்லானும் அடுத்த சுற்றுக்கு விண்ணப்பித்திருந்தான்.

"கதிரை வேணுமா ராத்தா? இங்கதான் கெடக்கு."

"அந்தக் கதிரைய இனிக் கொழும்பு வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அது வேணாம்." லெய்லா குரலைத் தாழ்த்தினாள். "ஷானிகா மிஸ் எண்ட தம்பிட ஆட்டோவிலதான் கந்தோருக்கு வேலைக்குப் போறவ. உங்களுக்கு எப்பிடி உதவி கெடைச்ச எண்டு அவன் கேட்டிரிக்கான். 'அந்த வூட்டில கண்டதெல்லாம் இரவல் எண்டு தெரியும். கைபிடி போன, பசை போட்டு ஒட்டின அந்த ஆறு கோப்பையப் பாத்த பொறகு வேற ஒண்டும் பாக்கத் தேவைப்படல்ல' எண்டாவாம். நாளைக்கு எங்கட வூட்டுக்கு வாறாங்க புள்ள. அந்த ஆறையும் ஒருக்காத் தா."

றுக்கியா ஃபிரிட்ஜைத் திறந்து, ஐஸ் பெட்டிக்குள் கை விட்டுத் துணியை விலக்கிப் பார்த்தாள். ஆறும் இருந்தன. தங்கக் கரையும் இருந்தது. கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"அது நல்ல கோப்பை, ராத்தா" என்றாள். "இரவல் குடுக்கிறதில்ல."